பஸ் ஏறி வந்த சபை

சனிக்கிழமை மத்தியானம் சபைச் சங்கம் கூடியபோது எல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. சுடர்விழியை அவர்கள் கூப்பிட்டது கேட்பதற்கு அல்ல, சொல்வதற்கு.

அந்தச் சபைக்குத் தஞ்சாவூரில் கல்லால் கட்டிய தேவாலயம் ஒன்று உண்டு. மன்னார்குடி தாண்டி வேதாரண்யம் வரைக்கும் ஐந்து ஊர்களில் ஷீட் போட்ட ஐந்து சின்ன ஜெபக்கூடங்களும் உண்டு. அந்த ஐந்துக்கும் ஊர் ஊராகப் போய் ஜெபம் நடத்தும் உபதேசியார் சுடர்விழிதான். நாற்பத்து நாலு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பதினோரு வருஷமாக வாரத்தில் நாலு நாள் அவள் வாழ்க்கை பஸ்ஸில்தான் ஓடியது.

"நாளைலேர்ந்து ஆராதனை லைவ்ல போவுது சிஸ்டர்," என்றார் செயலாளர் இளவழகன். "அஞ்சு ஊர்லயும் போன் இல்லாத வீடு இல்ல. பாத்துக்குவாங்க. நீங்க இங்கயே ஞாயிறு பள்ளியைக் கவனிச்சுக்கங்க."

"சாவு வீட்டுல யாரு சார் போய் உக்காருவா? போனா?"

"அவசரம்னா வண்டி அனுப்புவோம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். முதுகுவலின்னு போன மாசம் மெடிக்கல் காலேஜுல போய் நின்னீங்க. ஒரு எடத்துல அமைதியா உக்காந்தாத்தானே ஜெபம்? இப்படி அலைஞ்சுக்கிட்டே இருந்தா ஆவிக்குரிய வாழ்க்கை எங்கேருந்து வளரும்?"

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைச் சுட்டது. எழுந்து நின்றாள்.

"எனக்கு இருக்குற கொஞ்சநஞ்ச விசுவாசமும் பஸ்ஸுல கெடைச்சது சார். நாளைக்கு நான் போறேன்."

"சங்கத்தோட அனுமதி இல்லாமப் போறதா ஆயிடும்."

"ஆவட்டும்."

கூட்டத்துக்குத் தலைமை வகித்த ஆயர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர், ஆனால் வாய் திறக்கமாட்டார்.

விசுவாசம் பஸ்ஸில் கிடைத்தது என்று சுடர்விழி சொன்னது கோபத்தில் சொன்ன வார்த்தை இல்லை. முதல் இரண்டு வருஷம் அவள் பெரிய பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு போவாள். எழுதி வைத்த பிரசங்கம், படங்கள், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில் எல்லாம் அதில் இருக்கும். யார் வீட்டிலும் கை நனைக்கமாட்டாள். அவர்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொள்வாள். உள்ளுக்குள் இருந்தது வேறு: தான் கொடுக்க வந்தவள், வாங்க வந்தவள் இல்லை என்ற நினைப்பு.

மூன்றாவது வருஷம் திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க இறங்கிய நேரத்தில் பெட்டியோடு பஸ் போய்விட்டது. வெறுங்கையோடு கடைசி ஊரான மணல்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். உப்பளத்தில் வேலை பார்க்கும் ரெங்கம்மாள் நீராகாரமும் சுட்ட கருவாடும் கொடுத்தாள். பசி, வாங்கிச் சாப்பிட்டாள். ஜெபக்கூடத்தில் எழுந்து நின்றபோது கையில் பிரசங்கத் தாள் இல்லை.

"இன்னிக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. நீங்க யாராவது சொல்லுங்க," என்றாள்.

எழுதப் படிக்கத் தெரியாத ரெங்கம்மாள்தான் எழுந்தாள். "புயல்ல எங்க வீட்டுக் கூரை போயிருச்சு. பிள்ளைங்களை அணைச்சுக்கிட்டு மேல பாத்து ஜெபம் பண்ணேன். நடுவுல மறைக்க ஒண்ணும் இல்லல்ல, கிட்டக்க இருந்த மாதிரி இருந்துச்சு." அவ்வளவுதான் சொன்னாள்.

கடவுளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக நினைத்திருந்த சுடர்விழிக்கு அன்றைக்குத் தலையில் அடித்தாற்போல் இருந்தது. அவர் அவளுக்கு முந்தியே அந்த ஊருக்கு வந்து கூரையில்லாத வீட்டில் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் ஒரு துணிப்பையோடு சரி. கம்பியைப் பிடித்து நின்றபடி கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிக்கக் கற்றுக்கொண்டாள். வராத பஸ்ஸுக்காக இரண்டு மணி நேரம் நின்று பொறுமை கற்றாள். கொடுத்ததைச் சாப்பிடக் கற்றதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் விடிகாலையில் கிளம்பினாள். நல்ல ஐப்பசி மழை. மணல்காட்டுக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் வாய்க்கால் உடைத்துக்கொண்டு ரோட்டின் மேல் தண்ணீர் ஓடியது.

"இதுக்கு மேல வண்டி போவாதும்மா," என்றார் கண்டக்டர்.

இறங்கினாள். போன் அடித்தது. இளவழகன்.

"எங்க இருக்கீங்க சிஸ்டர்? இப்பவே திரும்பினீங்கன்னா நேத்து பேசினதை நாங்க மறந்துடுறோம்."

"மறக்காதீங்க சார்," என்று வைத்துவிட்டாள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தாள். இரண்டு பக்கமும் சம்பா நாற்று நுனி மட்டும் தெரிந்தது. முதுகு விண்விண்ணென்று தெறித்தது. இளவழகன் சொன்னதில் தப்பென்ன, திரும்பிவிடலாமே என்று ஒரு தடவை இல்லை, மூன்று தடவை தோன்றியது. தோன்றியபோதெல்லாம் கொஞ்சம் வேகமாக நடந்தாள்.

ஜெபக்கூடத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். மேடையில் போன் ஒன்றைச் சாத்தி வைத்திருந்தார்கள்; சிக்னல் இல்லாமல் அதில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. ரெங்கம்மாள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கண்மூடி ஆமென் சொன்னார்கள்.

நான் வராமலே நடக்கிறதே என்று சுடர்விழிக்கு ஒரு கணம் சுருக்கென்றது. அடுத்த கணம் சிரிப்பு வந்தது. சத்தம் போடாமல் கடைசிப் பாயில் ஈரத்தோடு உட்கார்ந்தாள்.

புதன்கிழமை கடிதம் வந்தது. உபதேசியார் பொறுப்பிலிருந்து அவள் நீக்கப்பட்டிருந்தாள். அடையாள அட்டையையும் ஜெபக்கூடச் சாவிகளையும் அலுவலகத்தில் வைத்துவிட்டு, அடுத்த நாளே பஸ் ஏறினாள். பொறுப்புத்தானே போனது, பஸ் போகவில்லையே. சங்கம் புதுப் பூட்டுப் போட்டுப் பூட்டிய கூடங்களுக்கு வெளியே, வேப்பமரத்தடியிலும் வீட்டு வாசலிலும் இரண்டு வாரம் ஜெபம் நடந்தது.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை ரெங்கம்மாள் போன் பண்ணினாள். ஊர்க்காரர்களுக்குச் சுடர்விழி எப்போதும் டீச்சர்தான்.

"டீச்சர், இந்த ஞாயித்துக்கெழமை இங்க வராதீங்க. தஞ்சாவூர்லயே இருங்க."

"ஏன்க்கா? யாராவது ஏதும் சொன்னாங்களா?"

"வராதீங்கன்னா வராதீங்க."

சுடர்விழி அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஊர்க்காரர்களையும் சங்கத்தார் மிரட்டிப் பணிய வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய் நடுவில் ஓர் இடத்தில் உட்கார்ந்தாள். இரண்டாவது பாட்டு பாடிக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டுக் கதவு திறந்தது. முதலில் ரெங்கம்மாள், பின்னால் மணல்காட்டுக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் மற்ற நாலு ஊர்க்காரர்கள். முப்பத்தொரு பேர். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. இருட்டோடு எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறார்கள். காலெல்லாம் சேறு.

வாசலில் நின்றவர் பின்வரிசையைக் காட்டினார்.

"மூணரை மணி நேரம் பஸ்ஸுல பின்னாடிதான் உக்காந்து வந்தோம். முன்னாடி எடம் இருக்கே," என்று சொல்லிவிட்டு ரெங்கம்மாள் நேராக முன்னால் போனாள். முக்கியஸ்தர்கள் உட்காரும் முதல் மூன்று வரிசையும் நிறைந்தது.

அறிவிப்பு நேரம் வந்தது. இளவழகன் கையில் இருந்த தாளை அப்படியே வாசித்தார். "இணையத்தின் வழியாக நம்மோடு கலந்துகொள்ளும் கிராமச் சபையாருக்கு வாழ்த்துகள்."

ரெங்கம்மாள் எழுந்தாள். "நாங்க அங்க இல்ல சார். இங்க இருக்கோம்."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"டீச்சரை வரக்கூடாதுன்னுட்டீங்க. சரி, அப்ப நாங்க வர்றோம். வாராவாரம் வருவோம். இல்ல, நீங்க ஒருத்தர் வாங்க. எது தோதோ அதைச் செய்யுங்க. போனை மட்டும் அனுப்பாதீங்க. அதுக்குக் கஞ்சி ஊத்த முடியாது."

"இது பேசுற எடம் இல்லம்மா, சங்கத்துல..." என்று இளவழகன் தொடங்கினார்.

"இதுதான் எடம்," என்றார் ஆயர். பீடத்திலிருந்து இறங்கி வந்திருந்தார். "அந்தத் தீர்மானத்துல நானும் கையெழுத்துப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. அடுத்த ஞாயிறு நான் மணல்காட்டுக்கு வர்றேன். பஸ்ஸுல."

சுடர்விழிக்குப் பொறுப்பு உடனே திரும்பி வரவில்லை. இளவழகன் லேசில் விடுகிறவர் இல்லை; நாலு மாசம் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டு இழுத்தார். சாவிகள் மட்டும் அன்றைக்கே வெளியே வந்தன. ஆயரே எடுத்து ரெங்கம்மாள் கையில் கொடுத்தார்.

சாப்பாடு முடிந்து முப்பத்தொரு பேரும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். சுடர்விழியும் கூட நடந்தாள்.

"நீங்க எங்க டீச்சர் வர்றீங்க? முதுகுவலியோட," என்றாள் ரெங்கம்மாள்.

"கேக்காதீங்கக்கா, ஏறுங்க."

பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.