வாளிக் கணக்கு

நாற்பது வீடுகள் உள்ள அந்தச் சந்தில் மட்டும் ஒரு கையெழுத்துகூட விழவில்லை. ஏன் என்று ஏரிக்காரிக்குப் பிடிபடவே இல்லை. ஏரியைக் காப்பாற்றுங்கள் என்று வீடுவீடாக அலைகிறவளுக்கு ஊர் வைத்த பெயர் அது. மற்ற தெருக்களில் அதே துண்டறிக்கையைப் பார்த்து முந்நூற்று எண்பது பேர் போட்டிருந்தார்கள். ஐந்நூறு சேர்ந்தால்தான் மனுவை வாங்குவார்கள். ஐந்து மணிக்குத் தாலுகா அலுவலகம் மூடிவிடும். விடிந்தால், ஏரியை உறிஞ்சி விற்கும் தண்ணீர் ஆலையின் மூன்றாவது மோட்டாருக்கு அனுமதி. மணி இப்போதே இரண்டு.

ஏரி வற்றினால் முதலில் தொண்டை காயப்போவது இந்தச் சந்துக்குத்தான். அப்படியிருந்தும் கதவைச் சாத்துகிறார்கள்.

கடைசி வீடு அவளுடைய அண்ணி வீடு.

"அண்ணி, நீங்களாவது போடுங்க. கால்ல விழட்டுமா?"

ஐந்து பிள்ளைகளின் துணியைக் கசக்கிக்கொண்டிருந்த அண்ணி நிமிரவில்லை. "விழறதுக்கு இடம் வேணாமா? இங்கதான் கூட்டம் ஜாஸ்தின்னு நீயே வரைஞ்சிருக்கியே."

ஏரிக்காரி தாளைத் திருப்பினாள். பின்பக்கப் படம் அவளே ஆசையாக வரைந்தது: ஆண்டுக்கு ஆண்டு இறங்கும் நீர்மட்டம், பக்கத்திலேயே ஏறிக்கொண்டு போகும் குழந்தைகளின் வரிசை.

"கணக்கு பொய்யில்லையே அண்ணி. இருபது வருஷத்துல ஜனம் ரெண்டு மடங்கு."

"பொய்னு யாரு சொன்னா? எங்க ஏழு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்குப் பன்னெண்டு வாளி. அத்தனையும் தூக்குறவ நானு. மேட்டுத் தெருவுல நான் வேலை பாக்குற வீட்டுல ரெண்டே பேரு. புல்லுக்கு மட்டும் அறுபது வாளி. என் கடைக்குட்டிய படத்துல போட்டியே, அந்தப் புல்லப் போட்டியாடி?"

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ கையெழுத்துதானே கேட்ட?"

ஏரிக்காரி படத்தை மறுபடி பார்த்தாள். ஏரிக்குத் தலைகளை எண்ணத் தெரியாது. மழையாக உள்ளே வருவது எவ்வளவு, குழாய் வழியே வெளியே போவது எவ்வளவு, அவ்வளவுதான் அதற்குக் கணக்கு. ஜனம் பெருகுவதும் அதில் சேர்த்திதான். ஆனால் ஒரு தலைக்கு எத்தனை வாளி என்பதை விட்டுவிட்டுத் தலையை மட்டும் வரைந்தால், பிள்ளை பெற்றவள் மேல் பழி போய் உட்கார்ந்துவிடும்.

ஆலை வாசலில் நின்று அவளே எண்ணிய லாரிகள் நாளைக்கு நாற்பது. லாரிக்கு எண்ணூறு என்று வாளியாக மாற்றிப் பார்த்தாள்.

அச்சடிக்க நேரமில்லை. படத்திலிருந்த குழந்தைகள் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி வாளிகளை வரைந்தாள்: சந்து முழுவதற்கும் நானூற்று எண்பது, மேட்டுத் தெருப் புல்வெளி ஒன்றுக்கு அறுபது, ஆலைக்கு முப்பத்திரண்டாயிரம். அதைக் கையில் பிடித்தபடி முதல் கதவைத் தட்டினாள். கையெழுத்து விழுந்தது.