சோழப் பேரரசு விழுந்த ஞாயிற்றுக்கிழமை

சோழப் பேரரசு அழிந்த கதையைப் புத்தகங்களில் விதவிதமாக எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களில் ஒருவரும் கிட்ட நின்று பார்த்தவர் இல்லை. நான் பார்த்தேன். எழுபதாம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பதுளைக்கு மேலே எங்கள் தோட்டத்துக் கோயில் முற்றத்தில் அழிந்தது. அழித்த பாண்டியன் நான்தான்.

மாரியம்மன் திருவிழாவுக்கு நாடகம் போட்டோம். ரெங்கசாமி சோழச் சக்கரவர்த்தி. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். கத்தி பிடித்த கை என்பதால் வாளும் பொருந்திவிட்டது. சாம்ராஜ்யம் மளமளவென்று வளர்ந்தது. தஞ்சாவூரைப் பிடித்தான். சேரனைக் கொன்று மேடை ஓரத்தில் கிடத்தினான். ஓடையில் வாழைத்தண்டுத் தெப்பம் விட்டுக் கடாரத்தைப் பிடித்தான். கடாரத்து ராஜா தண்ணீருக்குள் விழுந்து, சொட்டச் சொட்ட எழுந்து வந்து ஒரு பூசணிக்காயைக் கப்பமாகக் கட்டினார். அதன்பிறகு நான் வந்து சோழனை வீழ்த்த வேண்டும். கதை அப்படி.

வாளை ஓங்கினேன். அவன் விழவில்லை.

“விழுடா,” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

“மாட்டேன். முன்னால யாரு ஒக்காந்திருக்காருன்னு பாரு.”

பார்த்தேன். இராமையாக் கங்காணி, தோட்டத்தில் எங்களை வேலை வாங்குகிறவர். அவர் மகள் பெரியாயியைத்தான் ரெங்கசாமி பெண் கேட்டிருந்தான். பெரியாயிக்குச் சம்மதம். கங்காணி மட்டும், “நாடகம் முடியட்டும், ஆளப் பாத்துட்டுச் சொல்றேன்” என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

“அவரு பாக்க நான் மண்ணுல கெடந்தா பொண்ணு குடுப்பாரா? நீ வேணா விழு.”

“நான் விழுந்தா சரித்திரம் என்னாகுறது?”

“சரித்திரத்துக்கா கல்யாணம்? எனக்குடா!”

சொல்லிவிட்டு என்னைத் தூக்கி மேடைக்கு வெளியே போட்டான். அதோடு நின்றானா? படையோடு முற்றத்தை விட்டு இறங்கினான். கீழ் லயத்து வீட்டு வரிசையைப் பிடித்தான். மேல் லயம் சண்டையில்லாமலே சரணடைந்து எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது. மொனராகலைக்குப் போன பஸ்ஸை மறித்துக் கப்பம் கேட்டார்கள்; டிரைவர் ஒரு வாய் வெற்றிலை கொடுத்தார். எல்ல என்ற ஊரையும் பிடித்திருப்பான். தூரமாக இருந்ததால் மன்னித்துவிட்டுக் கோயிலுக்குத் திரும்பினான். சோழ நாடு அதற்கு முன் அவ்வளவு அகலமாக இருந்ததே இல்லை.

பெண்கள் கூட்டத்திலிருந்து பெரியாயி கத்தினாள்:

“என்னண்ணே பாண்டியரே, படுத்தே கெடக்கீங்க! இவரு இப்படி ஊரூரா புடிச்சுக்கிட்டே இருந்தா பரிசம் எப்பப் போடுறது?”

நியாயமான கேள்வி. போர்முரசு கொட்டிக்கொண்டிருந்த சன்னாசியிடம் போனேன். விடிந்தும் விடியாமலும் வேலையாட்களைப் பெரட்டுக்கு அழைத்து வரிசையில் நிறுத்தத் தப்படிக்கிறவரும் அவர்தான்.

“அண்ணே, பெரட்டுத் தப்பு அடிங்க.”

“ஞாயித்துக்கெழம, அதுவும் இந்நேரத்துலயா?”

“அடிங்கங்கிறேன்.”

அடித்தார். அவ்வளவுதான். சோழப் படை வாளைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் வரிசையில் நின்றது. செத்துக் கிடந்த சேரன்கூட எழுந்து வந்து நின்றான். எல்லாருக்கும் முன்னால் சக்கரவர்த்தி, கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. இராமையாக் கங்காணியும் துள்ளியெழுந்து பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

“ரெங்கசாமி!”

“வந்துட்டேங்க!” என்று குனிந்தது பேரரசு.

மலையே சிரித்தது. ரெங்கசாமிக்கு முகம் செத்துவிட்டது. கங்காணி அவனைப் பார்த்தார். ஆள் எண்ணுவதற்காக நீட்டியபடி நின்ற தன் விரலைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலைப்பாகை கழன்று விழும்வரை சிரித்தார்.

“நீ மட்டுமாய்யா தோத்த? நானும்ல எந்திரிச்சுட்டேன்! வாங்க மாப்ள, வந்து ஒக்காருங்க.”

“மாப்ளைன்னுட்டாரு!” என்று கூவினாள் பெரியாயி. “எல்லாரும் கேட்டீங்கல்ல? அப்பா, இனிப் பேச்சு மாறக்கூடாது!”

அப்போதுதான் ரெங்கசாமி விழுந்தான். நெடுஞ்சாண்கிடையாக, மாமனார் காலில்.

நான் வாளை உயர்த்தி, சோழன் வீழ்ந்தான் என்று முழங்கினேன். யாரும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் பொங்கல் பரிமாறத் தொடங்கியிருந்தார்கள்.