குளிர் தெரிந்தவர்

மெர்சிக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் தையல் பிரியும் என்று நர்ஸ் பயமுறுத்தியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

எத்தனை தடவை படித்துப் படித்துச் சொன்னாள். மூத்தவள் ஆன் மேரிக்குத் தலசீமியா. உடம்பில் ரத்தம் ஊறாது. மாதாமாதம் மதுரைக்குப் போய் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். வயிற்றிலிருந்த பிள்ளையின் ரத்தம் அக்காவுக்குப் பொருந்தும் என்று சோதித்துச் சொன்ன சென்னை டாக்டர், பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தத்தைப் பையில் பிடித்து அனுப்பச் சொன்னார். அக்காவுக்கு ஏற்றினால் ரத்தம் ஊற வைக்கும் ஸ்டெம் செல்களை அதிலிருந்து பிரித்து, மருந்து சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக உறைய வைத்துச் சேமிப்பது அவர்கள் வேலை. "நீங்க ஐஸ் வைக்காதீங்க, அப்படியே கொண்டுவாங்க" என்று அவர் சொன்னதை மெர்சி நன்றாகவே காதில் வாங்கியிருந்தாள்.

காரைக்குடியில் பிரசவம் முடிந்ததும் அவளுக்கு உதிரம் நிற்கவில்லை. கணவன் இமானுவேல் ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியாது. அதனால் பையோடு சென்னைக்குக் காரில் கிளம்பியவர் அவளுடைய அண்ணன் மரிய அந்தோணி. திருப்பத்தூர் ரோட்டில் ஐஸ் பேக்டரி வைத்திருப்பவர். கல்யாண வீட்டுப் பாலோ மீன் லோடோ, கெடாமல் போய்ச் சேர வேண்டுமானால் ஊரில் அவரைத்தான் கேட்பார்கள்.

"அண்ணே, ஐஸ் மட்டும் வச்சுராதீக" என்றாள், அரை மயக்கத்திலும்.

"குளிரப் பத்தி எனக்கா சொல்ற? நீ தூங்கு."

தொண்ணூற்றொன்பதாம் வருஷத்துச் சித்திரை வெயில். மனிதர் வழியில் பேக்டரியில் வண்டியை நிறுத்தி, பெட்டி நிறைய ஐஸ் உடைத்துப் போட்டு, உப்பும் தூவி, நடுவே பையைப் புதைத்துவிட்டார். உப்புப் போட்டால் குளிர் இன்னும் இறங்கும் என்பது தொழிலில் கற்றது. சென்னையில் திறந்தபோது ரத்தம் கல்லாக இருந்தது. இளகியதும் பார்த்தால், மருந்தில்லாமல் உறைந்ததில் செல்கள் அத்தனையும் வெடித்துப்போயிருந்தன.

பிறந்திருக்கும் தம்பி வளர்ந்து எடை கூடியதும் அவனுடைய எலும்பு மஜ்ஜையை எடுத்து அக்காவுக்கு ஏற்றிப் பார்க்கலாம், இரண்டு வருஷம் பொறுங்கள் என்றார் டாக்டர் போனில். பொறுப்பது யார்? குத்திக் குத்தி நரம்பே அகப்படாமல் போன ஆன் மேரியின் பிஞ்சுக் கையா?

அண்ணன் வந்து கட்டிலருகே நின்றார். "எப்படியும் அங்க உறைய வைக்கத்தானே போறாக. முன்னாடியே செஞ்சு குடுத்தா நல்லதுன்னு நெனச்சேன் மெர்சி."

கெட்ட எண்ணம் என்றால் வாய் வலிக்கத் திட்டித் தீர்த்திருக்கலாம். நல்ல எண்ணம் வந்து குடியைக் கெடுத்தால் யாரைப் போய் அடிப்பது? அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் மதுரையில் ஊசி நரம்பை விட்டு விலகி, ஆன் மேரியின் புறங்கை வீங்கிப்போனது. வீடு திரும்பியதைக் கேள்விப்பட்டு மரிய அந்தோணி வந்தார். கையில் சுருட்டிய துண்டு. துண்டுக்குள் ஐஸ்.

மெர்சிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "அதத் தூரப் போட்டுட்டு உள்ள வாங்கண்ணே."

அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளேயிருந்து ஆன் மேரி கையை நீட்டினாள்.

"போடச் சொல்லாதம்மா. மாமா வச்சாத்தான் எரிச்சல் அடங்குது."

மெர்சி விலகி வழிவிட்டாள். இன்னும் இரண்டு வருஷத்துக்கு அந்த ஐஸ் வேண்டியிருக்கும்.