காயாத ஈரம்

ஆரியசாலையில் மொத்த மளிகை வியாபாரம் செய்யும் ஆறுமுகசாமியின் வீட்டில், யாரும் சொல்லித் தராமலே எல்லோரும் கடைப்பிடித்த விதி ஒன்று உண்டு: அந்தக் குடும்பத்து ரத்தத்தில் குறை என்று வெளியாள் காதில் ஒரு சொல்லும் விழக்கூடாது. மருமகள் ஸ்ரீலட்சுமியின் ஏழாம் மாத ஸ்கேனில் குழந்தையின் சிறுநீரகங்கள் இரண்டும் வீங்கியிருந்ததையும், சிறுநீர் போகும் வழியில் அடைப்பு இருக்கலாம், பிறந்ததும் மறுபடி பார்க்க வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்தியதையும் அந்த விதியே விழுங்கிவிட்டது.

பெயர்சூட்டு நாளன்று கூடம் நிறைந்திருந்தது. நாத்தனார் ஆஷாவுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளையின் தாயும் காரில் வந்திருந்தார். வழக்கப்படி குழந்தையைத் துணியின்றி ஆறுமுகசாமியின் மடியில் கிடத்தினார்கள். ஆண்பிள்ளை தாத்தாவின் வேட்டியை நனைத்தால் வீடு விளங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. வேட்டி நனைந்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

ஸ்ரீலட்சுமி மட்டும் அது நனைந்த விதத்தைப் பார்த்தாள். சிறுநீர் பீய்ச்சி அடிக்கவில்லை. குழந்தை முகம் சிவக்க முக்க, நிரம்பிய குடம் கசிவதுபோலச் சொட்டுச் சொட்டாக வடிந்தது. தொப்புளுக்குக் கீழே வயிறு கல்லாகப் புடைத்திருந்தது. காலையிலிருந்து பாலும் குடிக்கவில்லை.

"அத்தை, இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போணும்" என்று மாமியார் வடிவம்மாளின் காதோரம் சொன்னாள்.

"எதுக்குட்டி? பிள்ளைத் துணி காயவே மாட்டேங்கு. அடைப்புள்ள பிள்ளையா இப்பிடி ஒழுகும்?" வடிவம்மாள் சிரித்த முகம் மாறாமல் அவள் கையைக் கிள்ளினாள். "அவங்க போனப்புறம் பேசு. அதுக்கு முன்ன வாயத் தொறந்த, ஒங்க அப்பன் வீட்டுக்கு நடையக் கட்டு, கேட்டியா?"

கணவன் தளவாய் இதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றான். "நாளைக்குப் பாக்கலாம். சீன் ஆக்காத" என்று முணுமுணுத்துவிட்டு இலை போடப் போனான்.

"கொச்சுப் பிள்ள ஏன் இப்பிடி முக்குதான்?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார்.

"தாத்தா கோவம் அப்பிடியே வந்திருக்கு!" என்றாள் வடிவம்மாள். கூடம் சிரித்தது.

ஸ்ரீலட்சுமி நடுக்கூடத்துக்கு வந்து, மாமனாரின் மடியிலிருந்து குழந்தையை எடுத்தாள்.

"உள்ள போ, ட்டி!" என்று சீறினாள் வடிவம்மாள்.

ஸ்ரீலட்சுமி மாப்பிள்ளையின் தாயைப் பார்த்துத் திரும்பினாள்.

"கோவம் இல்லம்மா. மூத்திரம் போற வழியில அடைப்பு இருக்கும்னு இவன் வயித்துல இருக்கும்போதே டாக்டர் சொன்னாங்க. இந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும். ஒங்க கார் வாசல்லதான நிக்கி? எங்கள ஆஸ்பத்திரியில கொண்டு விடுவீங்களா?"