இடையின ர

அத்தை ஒரு பிழை செய்துவிட்டாள்! அத்தை திருத்திக் கொடுத்த தன் நாவல் புரூஃப் கட்டின் முப்பத்தொன்றாம் பக்கத்தைப் பார்த்ததும் இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியே பேர் வாங்கிய பொம்பளை, 'இறந்தாள்' என்று சரியாக இருந்ததை அடித்துவிட்டு, ஓரத்தில் சிவப்புப் பேனாவால் இடையின ர போட்டிருந்தாள். 'அந்த மழைக்காலத்தில் அம்மா இறந்தாள்' என்று இவள் எழுதியது 'அம்மா இரந்தாள்' ஆகிவிட்டது. செத்துப்போனவளைப் பிச்சை கேட்கவைத்துவிட்டாள் மகராசி.

வெறும் சந்தோஷமா அது? முப்பது வருஷத்து ஆத்திரம். அப்பாவும் அம்மாவும் போனபின் நாலு வயதிலிருந்து இவளை வளர்த்தவள், அப்பாவின் அக்காவான இந்த அத்தைதான். வளர்த்தாள் என்றா சொல்வது? தோலை உரித்தாள். விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால், காய்ச்சலோடு நிற்கவைத்து நாலு தரம் திருத்தி எழுதவைப்பாள். ஆசையாகப் பிறந்தநாள் வாழ்த்து எழுதிக் கொடுத்தால், ஒற்று விட்டுப்போன இடத்தில் வட்டம் போட்டுத் திருப்பித் தருவாள். "அழுகைக்கு எந்த ல? சொல்லிட்டு அழு" என்று கேட்ட மனுஷி அவள். நல்லா இருப்பாளா?

இவளுடைய முதல் நாவல் முழுக்க அத்தைதான். கதைகளில் இப்படிப்பட்ட கிழவிகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பதினைந்து அத்தியாயம் பிள்ளையைக் குதறி எடுப்பார்கள். பதினாறாவதில், வெளியே முள், உள்ளே சுளை என்று அந்தப் பிள்ளையே வக்காலத்து வாங்கிவிடும். இவளும் அப்படித்தான் எழுதித் தொலைத்திருந்தாள். தாயில்லாப் பிள்ளையை அணைத்த கை என்று கடைசி அத்தியாயத்தில் ஒரு பெரிய கும்பிடு. நாளைக்கு அச்சேறுகிறது.

புரூஃப் கட்டைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்கு இரண்டு மாடி ஏறினாள். அத்தை சமையலறை மேஜையில் அன்றைய செய்தித்தாளை விரித்து, சும்மாவாவது பிழை தேடிக்கொண்டிருந்தாள். ஓய்வு வாங்கினால் புத்தி போய்விடுமா என்ன?

"என்ன அத்தை, கண்ணு போயிடுச்சா? யானைக்கும் அடி சறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?"

அத்தை பக்கத்தை வாங்கிப் பார்த்தாள். "சரியாத்தானே போட்டிருக்கேன்."

"எது சரி? இரந்தாள்னா பிச்சை கேட்டான்னு அர்த்தம். எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதான்."

"கேட்டா. அதான் போட்டேன்."

இவளுக்குச் சிரிப்பு வந்தது. அத்தை முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"உன்னை என்கிட்ட விட்டுட்டு வேலை தேடிப் போனவ, ஏழு மாசம் கழிச்சு வந்து நின்னா. பிள்ளையைக் கொடுத்துடுங்க அண்ணின்னா. மூணு நாள் வாசப்படியை விட்டு நகரலை. காலைக்கூடப் பிடிச்சா. அவ செத்துட்டான்னு உன்கிட்ட அதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். நீயும் அழுது முடிச்சு என்கிட்ட ஒட்டிக்கிட்டே. கொடுக்க மனசு வரலை."

"நான் எங்க இருந்தேன்?"

"உள் ரூம்ல. கதவைச் சாத்திட்டு உன்னை அ, ஆ எழுதவெச்சேன். சத்தமா சொல்லிக்கிட்டே எழுதுன்னேன். வாசல்ல அவ அழறது உனக்குக் கேக்கலை."

இந்த எழுத்துத்தானா? நாவல் எழுதிய எழுத்து, அம்மாவின் குரலை அமுக்கக் கற்றுக்கொடுத்ததா?

"அடிப்பாவி! நீ பொம்பளையா?" அத்தையை 'நீ' என்று கூப்பிட்டது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. "பெத்தவளை உயிரோட கொன்னுட்டு, தாயில்லாப் பிள்ளையை வளத்தவன்னு ஊரெல்லாம் பேர் வாங்கினியே! முப்பது வருஷம் வாயைத் திறக்காதவ, இப்ப எதுக்குச் சொல்றே?"

"வாயால சொன்ன பொய் வாயோட போயிடும். அச்சுல ஏறினா நிக்கும். என் கைக்கு வந்த புரூஃப்ல தப்பு போகக் கூடாது."

பிள்ளையிடம் பொய் சொன்னால் பாவமில்லையாம், அச்சில் ஏறினால்தான் பாவமாம். என்ன ஜென்மமோ! ஆனால் இவளுக்குச் சண்டை போடக்கூட நேரமில்லை. உயிரோடு ஓர் அம்மா இருக்கிறாள். ஒரு விலாசம் கிடைத்தால் போதும், இப்படியே ஓடிவிடலாம்.

"இப்ப எங்க இருக்கா?"

அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "போன வருஷம் யாரோ கடிதம் போட்டிருந்தாங்க. அதை எழுதறதா இருந்தா, நீ போட்ட வல்லின றதான் சரி."

போன வருஷம். போன வருஷம் வரைக்கும் இருந்திருக்கிறாள். இவள் மேஜையிலிருந்த டம்ளரை எடுத்துச் சுவரில் வீசினாள். பாழாய்ப்போன எவர்சில்வர், உடையக்கூட இல்லை; உருண்டு அடுப்பு மேடைக்குக் கீழே போனது. புரூஃப் கட்டிலிருந்து கடைசி அத்தியாயத்தை உருவித் துண்டு துண்டாகக் கிழித்தாள். ஓலமிட்டுக்கொண்டேதான் கிழித்தாள். அத்தை தடுக்கவில்லை.

பிறகு சிவப்புப் பேனாவைப் பிடுங்கி, முப்பத்தொன்றாம் பக்கத்தில் 'அம்மா இரந்தாள்' என்பதற்குப் பக்கத்திலேயே 'அத்தை கதவைத் திறக்கவில்லை' என்று எழுதினாள். பக்கத்தை அத்தையின் முன்னால் தள்ளினாள்.

"பாரு. இதுல பிழை இருக்கா?"

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரியின் அடியில் விரலை வைத்துப் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"இல்லே" என்றாள். "அச்சுக்குப் போகலாம்."