பொன்மலரின் மூன்று பெட்டிகள்

கட்டிலில் ஒரு பெட்டிதான் திறந்து கிடந்தது. பொன்மலர் பயணம் வெளிக்கிடுகிற நாட்களில் வழக்கமாக அங்கே மூன்று கிடக்கும். படுக்க இடமில்லாமல் அவள் நிலத்தில் பாய் விரிப்பாள். நான் அறைவாசலில் நின்று மற்ற இரண்டையும் தேடினேன். அலுமாரிக்கு மேலே, போன வருசம் போட்ட பொலித்தீன் உறையோடு அப்படியே இருந்தன.

"உதுகளை ஏன் இன்னும் இறக்கேல்லை? நாளைக்குச் சனம் வரப்போகுது. திங்கள் நீர் வெளிக்கிட வேணும்."

"இறக்கிறதுக்கு வேலையில்லை அக்கா. கதவைச் சாத்துங்கோ."

வீட்டில் எங்கள் இருவரையும் தவிர ஒரு பூனைகூட இல்லை. என்றாலும் சாத்தினேன்.

பொன்மலர் மிஷன் பள்ளிக்கூடத்துக் கந்தோரில் தட்டச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கொக்குவிலில் எனக்கு அடுத்த வளவு. மகள் ரேச்சல் ரொறொன்ரோவில், மகன் ஜெரிசன் மெல்பேணில். கணவர் காலமானபிறகு வருசத்தில் பாதியை அங்கும் இங்குமாகப் பறந்தே கழித்தாள். எப்போதும் ஒரே கொம்பனியின் விமானம்தான். அந்த விசுவாசத்துக்கு அவர்கள் தங்க நிறத்தில் ஒரு அட்டை கொடுத்தார்கள். அட்டை இருந்தால் விமானத்தில் முதலில் ஏறலாம். மெத்தைக் கதிரை போட்ட அறையில் சும்மா இருந்து பழரசம் குடிக்கலாம். அந்த அறையில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, ஆரும் எழும்பச் சொல்லிவிடுவார்களோ என்று கதிரை நுனியில் இருந்ததாக அவளே சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு வேண்டியிருந்தது வேறொன்று. மற்றவர்களுக்கு ஒரு பெட்டி என்றால் அட்டைக்காரிக்கு மூன்று.

அந்த இரண்டு பெட்டிகளும் ஒருபோதும் அவளுடையவையாக இருந்ததில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் கனடா போகிறார் என்றால் அது ஒழுங்கை முழுவதற்கும் பயணம். வீட்டில் வறுத்துத் திரித்த கறித்தூள், பனம்பழத்துப் பினாட்டு, பனங்கிழங்கு ஒடியல்மா, கோயில் திருநீறு, பிள்ளையின் சட்டை என்று பாசல் பாசலாக வரும். கொண்டுவந்து நீட்டியதை வேண்டாம் என்று சொல்வது அந்த வீட்டையே வேண்டாம் என்று சொன்னது மாதிரி. அங்கே ரேச்சல் வீட்டுக்குச் சனிக்கிழமை எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் வந்து எடுத்துப்போவார்கள். என் மகன் கீர்த்திகனும் அப்படித்தான் எடுப்பான்.

"டிலக்ஷன் போனிலை விளங்கப்படுத்தினவர்," என்றாள். டிலக்ஷன் அவளுடைய மருமகன். "எங்கடை சின்னக் கொம்பனியை ஒரு பெரிய கொம்பனி வாங்கிப்போட்டுதாம். வாங்கினவன் இருந்து லாப நட்டம் பாத்தவனாம். 'மாமி, நீங்கள் எத்தினைதரம் பறந்தாலும் மலிவு ரிக்கற்றிலைதானே பறக்கிறியள், உங்களாலை அவனுக்கு நட்டம்' எண்டு சொல்லுறார்."

"அப்ப அட்டை?"

"அட்டை இருக்கு. புதிசா ஒண்டு அனுப்பியும் விட்டவங்கள். முந்தினதைவிட மினுக்கம். பெட்டிதான் ஒண்டு."

"எப்ப தெரியும் உமக்கு?"

"சித்திரையிலையே."

சாப்பாட்டு மேசையைக் கடந்துதான் நான் வந்திருந்தேன். இரண்டு கிழமையாக வந்த பாசல்கள் அதிலே வெள்ளை விரிப்புப் போட்டு மூடியபடி, ஆரோ படுத்திருப்பதுபோலக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் என்னுடையது.

"தெரிஞ்சுகொண்டே வாங்கினனீரோ? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

அவள் பெட்டிக்குள் மடித்த சேலையை எடுத்து, விரித்து, மறுபடி மடித்தாள்.

"நான் இஞ்சை இருக்கேக்கை இந்தப் படலையைத் திறக்கிறது ஆர்? நீங்கள். பிறகு பால்காரன். சின்னத்தங்கமக்கா வந்து ஒரு தேத்தண்ணி குடிக்கிறது வருசத்திலை இந்த ரெண்டு கிழமைதான். சிமியோன் அண்ணை கோயில் வாசலிலை கண்டாலும் தலையாட்டிப்போட்டுப் போற மனிசன். இந்த ரெண்டு கிழமையும் கதிரையை விட்டு எழும்பார். பெட்டி இல்லையெண்டு சொன்னா..."

அவள் சேலையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள். நான் அவளுக்காக வந்தேனா, கீர்த்திகனின் தூளுக்காக வந்தேனா என்று எனக்குள் கேட்டுப் பார்த்தேன். வேலியில் நுழைந்து வர ஒரு பொட்டு வைத்திருப்பவள் நான், எப்போதும் வந்து போகிறவள். என்றாலும் அந்த இரண்டு கிழமையும் கொஞ்சம் கூடுதலாகத்தான் வந்திருந்தேன்.

"மற்றப் பெட்டிக்குக் காசு கட்டலாமே. எல்லாரும் பங்கு போடுவம்."

"காசு வாங்கினா நான் கூலிக்குச் சாமான் காவுறவள், அக்கா. வேண்டாம்."

அடுத்தநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து, கோயிலுக்குக் கட்டின சேலையோடேயே எல்லாருக்கும் கேக் வெட்டிவைத்தாள். சிமியோன் முதலில் வந்தார், முருங்கைக்காய்க் கட்டோடு. வங்கியில் வேலைசெய்யும் ரஞ்சினி, கனடாவிலிருக்கும் தமக்கைக்குக் கடைசி நேரத்தில் ஒரு பையோடு வந்தாள். சின்னத்தங்கம் ஏற்கெனவே தூள் தந்தவள். இப்போது இன்னொரு பாசலைக் கக்கத்தில் வைத்திருந்தாள்.

"பிள்ளை, இது கடைசி. பாரமே இல்லை."

"போனமுறை இடியப்ப உரலுக்கும் நீர் இதைத்தான் சொன்னனீர்," என்றார் சிமியோன்.

"உம்மடை முருங்கைக்காயைப் பாரும் முதல். பெட்டியிலை வளைச்சோ வைக்கிறது?"

பொன்மலர் எழுந்து நின்றாள். கந்தோரில் பெரியவருக்கு முன்னால் நிற்பதுபோலக் கைகளை முன்னால் கோத்திருந்தாள். புதிய அட்டையை மேசையில் வைத்து, எனக்குச் சொன்னதை அதே சொற்களில் சொல்லி முடித்தாள். "ஒரு பெட்டி. என்ரை உடுப்பும் மருந்தும் போக, ஒரு கொஞ்சம்தான் வைக்கலாம். முந்தியே சொல்லியிருக்க வேணும். சொல்லேல்லை. எல்லாரும் உங்கடை உங்கடையை எடுத்துக்கொண்டு போங்கோ."

சிமியோன் கண்ணாடியைப் போட்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல மினுக்கம்தான்."

"மெய்யே பொன்மலர்?" என்றாள் சின்னத்தங்கம். "அல்லது வேறை ஆருக்கும் இடத்தை ஒப்புக்கொண்டிட்டீரோ?"

பொன்மலரின் முகம் விழுந்தது. நான் போய் விரிப்பை இழுத்தேன். கதைக்கிறதைவிட அது சுகமாக இருந்தது. ஒவ்வொரு பாசலாக ரஞ்சினி தூக்கிப் பார்த்தாள்.

"தூள். தூள். இதுவும் தூள். இது பினாட்டு. இது பிறகும் தூள்."

"அப்ப ஆளுக்கு அரைக்கிலோப்படி வைப்பம்," என்றேன்.

"அரைக்கிலோவோ!" சின்னத்தங்கம் எழும்பியே விட்டாள். "பத்துப் பிள்ளையள் வந்து நிக்கிற இடத்திலை என்ரை றமேஸ் அரைக்கிலோப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போறதோ? கொம்மாவுக்கு ஏலாமப் போச்சோ எண்டு கேக்கமாட்டினமோ?"

அது சரி என்றே எல்லாருக்கும் பட்டது. எனக்கும் பட்டது. கீர்த்திகன் ஒரு சின்னப் பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் ஒளிப்பதை நான் கண்ணால் கண்டுவிட்டேன்.

"அந்தப் பெரிய கொம்பனி சின்னனைத் தன்னோடை சேத்த மாதிரி நாங்களும் செய்தா என்ன?" என்றார் சிமியோன். "தூள் எல்லாத்தையும் கலந்து ஒரே பையாக் கட்டுவம். ரேச்சல் அகப்பையாலை அள்ளிக் குடுக்கட்டும். ஆற்றை சின்னன், ஆற்றை பெரிசு எண்டு ஆருக்குத் தெரியப்போகுது?"

"பாரம் ஒண்டுதானே மாமா. கலந்தாக் குறையுமே?" ரஞ்சினி சிரித்தாள்.

"பாரத்தை ஆர் பிள்ளை கதைச்சது? மரியாதையைக் கதைக்கிறம்."

"உம்மடை தூளோடை என்ரை தூளோ?" என்றாள் சின்னத்தங்கம். "மிளகாயைக் கருக்கித் திரிச்சுப்போட்டு வறுவல் எண்டு சொல்லுற ஆள். என்ரை தூள் இல்லாட்டி றமேசுக்குச் சோறு இறங்காது."

ரஞ்சினி யோசிக்காமல் சொல்லிவிட்டாள்: "றமேஸ் அண்ணை போன கிழமை கறி வைச்சுப் படம் போட்டிருந்தவர். பக்கத்திலை கடைத்தூள் பக்கெற்."

யன்னலுக்கு வெளியே ரயில் போயிற்று. அது போய் முடியும்வரை எல்லாரும் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சின்னத்தங்கம் தன் பாசலின் முடிச்சைத் தடவினாள். அவிழ்க்க முடியாதபடி தானே இறுக்கிப் போட்ட முடிச்சு.

"பொன்மலர், கத்தரிக்கோல் எங்கை?"

மேசையை மூடியிருந்த அதே விரிப்பை நிலத்தில் விரித்தோம். முதலில் சின்னத்தங்கம்தான் கொட்டினாள்; கொட்டும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு நான். சிமியோன் கருகல் இல்லை என்பதைக் காட்ட மெல்ல மெல்லக் கொட்டினார். சிவப்பு, கடும் சிவப்பு, மண் நிறம். பொன்மலர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்காலில் இருந்து இரண்டு கையாலும் அளைந்தாள். எல்லாரும் தும்மினோம். தும்மி முடிய எல்லாரும் சிரித்தோம்.

சின்னத்தங்கம் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். "என்ரைதான் தூக்கிக் குடுக்குது."

சிமியோனும் தொட்டுப் பார்த்தார். "இல்லைப் பாரும், என்ரை வறுவல் மணம்."

எனக்கு என்னுடைய பெருஞ்சீரகம்தான் பட்டது.

பெட்டிக்குள் வைக்கக்கூடியதை ஒரு பையில் கட்டிய பிறகும் விரிப்பில் பெரிய குவியல் மிஞ்சிவிட்டது. கொட்டுகிற அவசரத்தில் ஒருவரும் அதை நினைக்கவில்லை. இனி ஆர் எதை அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போவது?

"உது இஞ்சையே கிடக்கட்டும்," என்றாள் சின்னத்தங்கம். "வீட்டிலை முடிய முடிய வந்து அள்ளுறம்."

"எலி விடாது," என்றாள் பொன்மலர். "நானும் மூண்டு மாதம் இருக்கமாட்டன்."

"அருந்ததியிட்டை வீட்டுத் திறப்பைக் குடும்," என்று சின்னத்தங்கம் என்னைக் காட்டினாள். "நீர் வந்தாப்பிறகு உம்மட்டைக் கேக்கிறம். அலுமாரிக்கு மேலை பெட்டி கிடக்கெல்லே? அதுக்குள்ளை எலி எப்பிடிப் போகும்?"

சிமியோன் கதிரையில் ஏறி ஒன்றை இறக்கினார். உறையைக் கிழித்தோம். தூளைப் பிஸ்கற் ரின்களில் அடைத்து உள்ளே அடுக்கினோம். மூடும்போது பொன்மலர் தன் வழக்கப்படி பட்டியை இழுத்து இறுக்கி, எழும்பி நின்று, கைபிடியைப் பிடித்து ஒருமுறை தூக்கிப் பார்த்தாள்.

"பாரம்," என்றாள்.

கூடத்து மூலையில் அதை நிறுத்தினோம். அப்போது ரஞ்சினி கேத்திலை இரண்டாந்தரம் அடுப்பில் வைத்துவிட்டாள். சின்னத்தங்கம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதிரையில் காலை மடித்து இருந்தாள். பெட்டியின் மூடியில் ஐந்து பேரின் சிவந்த விரல் அடையாளங்கள் இருந்தன. கைபிடியில் போன வருசப் பயணத்தின் ரொறொன்ரோ விமானத் துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை ஒருவரும் கிழிக்கவில்லை.