நாளுக்கு ஒரே ஒரு பீடி

அப்பாவின் புதுச் சட்டைப் பைக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு பீடியை நுழைக்கப் போனாள் பொற்கொடி. அதற்கான தீப்பெட்டி இடுப்புச் செருகலில் காத்திருந்தது. பைக்குள் விரலில் என்னவோ இடித்தது. இழுத்துப் பார்த்தால், பீடி. அதுவும் இரண்டு. 

குளிப்பாட்டி, திருநீறு பூசி, அப்பா மாசாணத்தின் உடலைக் கருமத்தம்பட்டி வீட்டு வாசலில் பெஞ்சின் மேல் கிடத்தியிருந்தார்கள். இருமாமல் அவர் இவ்வளவு நேரம் படுத்திருந்து அந்தத் தெருவே பார்த்ததில்லை.

டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். “மூச்சுக்குழாய்க்குள்ள சின்னச் சின்ன முடி இருக்குங்க. சளியக் கூட்டித் தள்றது அதுதான். பீடிப் புகை அதையெல்லாம் பொசுக்கிப்போட்டுது. தேங்குன சளியில கிருமி குடியேறிருச்சு. கிருமி ஒரு பக்கம் புண்ணாக்குது, புகை ஒரு பக்கம். ரெண்டும் சேர்ந்தா குழாய் தாங்காதுங்க.”

அன்றிலிருந்து அம்மா காளியாத்தாள் வீட்டுக்குள் போலீஸ் ஆனாள். தலையணை உறையைக்கூட விடாமல் துழாவுவாள். மனுஷனோ சாயங்காலமானால் இரைத்துக்கொண்டே அடுத்த தெருவிலிருந்த மகள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். “ஒண்ணே ஒண்ணு கண்ணு. உன்னை உட்டா எனக்கு ஆரு குடுப்பா?” அவளும் மனசு இளகி நீட்டிவிடுவாள். காய்ச்சலும் சளியுமாக அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பெத்த அப்பனைக் கொன்றவள் நான்தான் என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள்.

இரண்டு பீடியோடு நிமிர்ந்தாள். கால்மாட்டில் நின்ற தம்பி எழில் சட்டென்று தலையைக் குனிந்தான்.

“நீயுமாடா?”

“காலைல ஒண்ணே ஒண்ணுதாங்க்கா. உன்னை உட்டா ஆரு குடுப்பான்னாரு.”

“அப்ப இன்னொண்ணு?”

அப்பாவின் சினேகிதர், பேக்கரிக்கார நாகூர் மீரான் தொண்டையைக் கனைத்தார். “மத்தியானத்துது நம்முளுதுங்க அம்மணி. எங்கிட்டயும் அதேதான் சொன்னாருங்க.”

அடப்பாவி மனுஷா! மாத்திரை மாதிரி காலை, மதியம், மாலை என்றல்லவா பிரித்து வைத்திருக்கிறார்! பொற்கொடிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“அங்க என்ன குசுகுசுன்னு?” அம்மா எழுந்து வந்தாள். பீடிகளைப் பார்த்தாள். தொலைந்தோம் என்று மூவரும் விறைத்து நின்றார்கள்.

அம்மா கத்தவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, கசங்கிய பீடி ஒன்றை எடுத்தாள். பொற்கொடி கையிலிருந்த மூன்றையும் வாங்கி அதோடு சேர்த்துப் பைக்குள் வைத்தாள்.

“இது ராத்திரிக்கு. இல்லீன்னா தூங்க மாட்டாரு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “தீப்பெட்டிய மட்டும் ஆரும் வெச்சறாதீங்க. அங்க போயாவது இருமாம கெடக்கட்டும்.”

பொற்கொடி தீப்பெட்டியை இடுப்புக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டாள்.